டி. ஏ. தாமஸ் என்ற ரோந்தா பிரபு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1910-ல் தெற்கு வேல்ஸின் டோனிபாண்டியில் 12,000 சுரங்கத் தொழிலாளர்கள் வயிற்றைக் கட்டிக்கொண்டு பத்து மாதம் போராடினார்கள். அவர்களுக்கு எதிரே நின்ற முதலாளி டி. ஏ. தாமஸ். 1918-ல் பிரிட்டனில் சீமானுக்கும் கூலிக்காரருக்கும் சர்க்கரை ஒரே அளவுதான் என்று நடைமுறைப்படுத்திய உணவு அமைச்சர் ரோந்தா பிரபு. இருவரும் ஒரே ஆள் என்று தெரிய வரும்போது எழும் கேள்விகளுக்கு இந்தப் பக்கத்தில் பதில் எழுதியிருக்கிறேன். வேல்ஸ் நிலக்கரி வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. மிகவும் கோபம் வரவைத்த பகுதியும் இதுதான்.

யார் இந்த டி. ஏ. தாமஸ்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

முழுப்பெயர் டேவிட் ஆல்ஃபிரட் தாமஸ். 1856 மார்ச் 26 அன்று அபர்டேர் அருகே இஸ்கிபோர்வென் என்ற இடத்தில் பிறந்தார். சுரங்க முதலாளி, 22 ஆண்டுகள் லிபரல் கட்சி எம்.பி., முதல் உலகப்போரில் அமைச்சர். 1916-ல் பாரன், 1918-ல் அதைவிட உயர்ந்த வைகவுண்ட் என்று பிரபுப் பட்டங்கள் பெற்றார். 1918 ஜூலை 3 அன்று 62 வயதில் இறந்தார். ஊரில் எல்லோரும் அவரை 'டி.ஏ.' என்றே அழைத்தார்கள்.

பணக்காரக் குடும்பத்தில் பிறந்தவரா?

பிறக்கும்போது அப்படிச் சொல்ல முடியாது. அப்பா சாமுவேல் தாமஸ் மெர்தர் ஊரில் மளிகைக்கடை வைத்திருந்தவர். கடையில் சேர்ந்த பணத்தைக் கொண்டுபோய் நிலக்கரியில் போட்டார். அந்தக் காலத்தில் அது ஏறக்குறைய சூதாட்டம். பல நூறு அடி ஆழத்துக்குக் குழி வெட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல கரி அடுக்கு தட்டுப்பட்டால் கோடீஸ்வரர், தட்டுப்படாவிட்டால் கடையும் போய்விடும். சாமுவேல் பலமுறை கடன் விளிம்புவரை போய்த் திரும்பியவர். 1872-ல் கூட்டாளிகளோடு சேர்ந்து கிளிடாக் வேல் பள்ளத்தாக்கில் கேம்ப்ரியன் சுரங்கத்தைத் தொடங்கிய பிறகுதான் குடும்பம் நிலைத்தது.

வீட்டில் பிறந்த குழந்தைகள் 17. அதில் டி.ஏ. பதினைந்தாவது. பெரியவர்களாக வளர்ந்தவர்கள் ஐந்து பேர் மட்டுமே. கையில் காசு இருந்த வீட்டிலேயே குழந்தைச் சாவு இந்த அளவில் இருந்தது என்றால், சுரங்கக் குடியிருப்புகளில் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

படிப்பு?

கேம்பிரிட்ஜில் கணிதம். முதலில் ஜீசஸ் கல்லூரியில் உதவித்தொகை பெற்றுச் சேர்ந்தார். பிறகு கான்வில் அண்ட் கேயஸ் கல்லூரிக்கு மாறி 1880-ல் பட்டம் வாங்கினார். அதற்கு முந்தைய ஆண்டே அப்பா இறந்துவிட்டதால், படிப்பு முடிந்த கையோடு கிளிடாக் வேலுக்குப் போய் சுரங்கத் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று.

இந்தக் கணிதப் படிப்பைச் சாதாரணமாகக் கடந்து போகாதீர்கள். அவருடைய வாழ்க்கையின் எல்லாக் கட்டங்களிலும் அது வேலை செய்கிறது. மற்ற முதலாளிகள் அனுபவத்தை வைத்துத் தொழில் நடத்தியபோது இவர் அட்டவணைகளை வைத்துக்கொண்டு யோசித்தார். பிரிட்டனின் நிலக்கரி ஏற்றுமதி ஐம்பது ஆண்டுகளில் எப்படி வளர்ந்தது, எந்தெந்த நாட்டுக்குப் போயிற்று என்று அவர் 1903-ல் ராயல் புள்ளியியல் சங்கத்தில் படித்த ஆய்வுரைக்கு அந்தச் சங்கத்தின் 'கை' (Guy) என்ற பெயர் கொண்ட வெள்ளிப் பதக்கம் அடுத்த ஆண்டு கிடைத்தது. சுரங்க முதலாளி ஒருவருக்குப் புள்ளியியலாளர்கள் பதக்கம் கொடுப்பது அன்றாடம் நடக்கிற காரியம் கிடையாது.

ரோந்தா நிலக்கரிக்கு அப்படி என்ன மவுசு?

ரோந்தா என்பது இரட்டைப் பள்ளத்தாக்கு: பெரிய ரோந்தா, சிறிய ரோந்தா. அங்கே ஆழத்தில் கிடைத்தது நீராவி நிலக்கரி. புகை குறைவு, சூடு அதிகம். அன்றைய போர்க்கப்பல்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? தூரத்தில் வரும் கப்பலை முதலில் காட்டிக்கொடுப்பது புகைதான். பிரிட்டிஷ் கடற்படை இந்தக் கரியைத் தேடித்தேடி வாங்கியது. உலகம் முழுக்க நீராவிக் கப்பல்கள் கரி ஏற்றிக்கொள்ளும் துறைமுகங்களுக்கும் இது கார்டிஃபிலிருந்தும் பாரியிலிருந்தும் போயிற்று.

1851-ல் ரோந்தாவின் மக்கள்தொகை ஆயிரத்துக்கும் குறைவு. ஆடு மேய்த்த மலைக்காடு. 1911-ல் ஒன்றரை லட்சத்துக்கு மேல். மலைச்சரிவில் ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள், கீழே ரயில் தண்டவாளம், நடுவில் சுரங்கக் கோபுரங்கள். ஒரு பள்ளத்தாக்கு முழுவதும் ஒரே ஒரு பொருளை நம்பி உலை வைத்தது. அதன் விலை ஏறினால் ஊரில் சிரிப்பு, இறங்கினால் கடன்.

கேம்ப்ரியன் கம்பைன் என்பது என்ன?

டி.ஏ. கட்டி எழுப்பிய சுரங்கக் கூட்டமைப்பு. ஆனால் அதற்கு முன்னால் 1896-ல் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

தெற்கு வேல்ஸில் நூற்றுக்கணக்கான சுரங்கங்கள். ஒவ்வொரு முதலாளியும் மற்றவரைவிட அரை ஷில்லிங் குறைத்து விற்கப் பார்ப்பார். விலை விழும். அப்போது கூலியும் விழும், ஏனென்றால் 1875-லிருந்து 1903 வரை அங்கே கூலி நிலக்கரி விலையோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. விலை இறங்கினால் கூலி தானாகவே இறங்கும். முதலாளிகளின் போட்டியில் தோற்றது கடைசியில் தொழிலாளியின் சாப்பாட்டுத் தட்டு.

டி.ஏ. ஒரு திட்டம் எழுதினார்: எல்லாச் சுரங்கங்களும் சேர்ந்து இவ்வளவுதான் வெட்டுவது என்று உற்பத்தியைப் பங்கிட்டுக்கொள்வோம், வரம்பு மீறுகிறவர் அபராதம் கட்டட்டும், விலை நிலைக்கும், லாபமும் கூலியும் நிலைக்கும். முதலாளிகள் ஒத்துவரவில்லை. என் கணிப்பில், அவருடைய வாழ்க்கையின் திருப்புமுனை இந்தத் தோல்விதான். பேசிப் புரியவைக்க முடியாதவர்களை வாங்கிப் போட்டுவிடலாம் என்று அவர் முடிவு செய்தது இதற்குப் பிறகுதான்.

லுவினிபியாவில் கிளமோர்கன் கம்பெனி, பெனிகிரைகில் நேவல் கம்பெனி, கில்ஃபாக் கோக்கில் பிரிட்டானிக் மெர்தர் என்று ஒவ்வொன்றாகக் கேம்ப்ரியனுடன் இணைந்தன. 1910-ல் இந்தக் கூட்டமைப்பில் சுமார் 12,000 பேர் வேலை பார்த்தார்கள். வெட்டுவது, ஏற்றுவது, விற்பது எல்லாம் ஒரே கைக்குள் வந்தன.

தொழிலாளர் பக்கத்திலிருந்து பார்த்தால் இதற்கு வேறு அர்த்தம். முன்பு ஒரு சுரங்கத்தில் சண்டை போட்டால் பக்கத்துச் சுரங்கத்தில் வேலை தேடலாம். இப்போது பக்கத்துச் சுரங்கமும் அதே முதலாளியுடையது.

டோனிபாண்டியில் என்ன நடந்தது?

இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் இதற்காகத்தான் வருகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெனிகிரைகில் நேவல் கம்பெனியின் ஈலி குழியில் ஒரு புதிய கரி அடுக்கைத் திறந்தார்கள். ஒரு டன்னுக்கு என்ன கூலி என்று நிர்ணயிக்க வேண்டும். அதற்காக 70 தொழிலாளர்களை வைத்து வெட்டிப் பார்த்தார்கள். கம்பெனி சொன்னது: இவர்கள் வேண்டுமென்றே மெதுவாக வெட்டுகிறார்கள். தொழிலாளர்கள் சொன்னது: அடுக்குக்கு நடுவில் கல் ஓடுகிறது, கல்லை உடைத்து ஒதுக்காமல் கரிக்குப் போக முடியாது, கல்லை உடைக்கும் நேரத்துக்கு யார் கூலி கொடுப்பது?

கூலி வெட்டிய கரிக்குத்தான், போன நேரத்துக்குக் கிடையாது. ஒரே குழியில் இரண்டு பேர் ஒரே அளவு பாடுபடுவார்கள். ஒருவருக்கு நல்ல இடம் வாய்த்திருக்கும், அடுத்தவருக்குக் கல்லும் தண்ணீரும் நிறைந்த இடம். சனிக்கிழமை கூலி வாங்கும்போது இரண்டாமவர் கையில் பாதிதான் இருக்கும். அந்த ஊர்ச் சுரங்கங்களில் இப்படிப்பட்ட மோசமான வெட்டுமுகங்களுக்குத் தனிக்கூலி கேட்டு அன்றாடம் தகராறு நடந்துகொண்டிருந்தது. பழைய வழக்கப்படி மேற்பார்வையாளர் பார்த்துக் கொஞ்சம் சேர்த்துக் கொடுப்பார். கணக்கு இறுக இறுக அந்தச் சலுகையும் போயிற்று.

கம்பெனி கொடுப்பதாகச் சொன்னது டன்னுக்கு 1 ஷில்லிங் 9 பென்ஸ், கல் இருந்தால் கூடுதலாக ஒரு பென்னி. தொழிலாளர்கள் கேட்டது 2 ஷில்லிங் 6 பென்ஸ். ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். ஆக, கல்லுக்கான அந்த ஒரு பென்னியைத் தள்ளிவிட்டால், இடையில் நின்றது டன்னுக்கு ஒன்பது பென்ஸ்.

1910 செப்டம்பர் 1 அன்று கம்பெனி கதவடைப்புச் செய்தது. சோதனையில் இருந்த 70 பேரை மட்டும் நிறுத்தவில்லை, ஈலி குழியின் சுமார் 950 பேரையும் வெளியே தள்ளியது. இந்த இடத்தில் டி.ஏ.வின் நிர்வாகத்துக்காக வாதாட எனக்கு மனம் வரவில்லை. 880 பேருக்கு அந்த அடுக்கோடு சம்பந்தமே கிடையாது. மற்றச் சுரங்கங்களின் தொழிலாளர்கள் வாக்கெடுத்து, நவம்பர் 1 முதல் கூட்டமைப்பு முழுவதும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள்.

கலவரம் எப்படி வெடித்தது?

நவம்பர் 7-ம் தேதி தொழிலாளர்கள் ஒவ்வொரு சுரங்கமாகப் போய் வேலையை நிறுத்தினார்கள். மிஞ்சியது லுவினிபியாவின் கிளமோர்கன் சுரங்கம் மட்டும். உள்ளே பொது மேலாளர் லியோனார்ட் லெவலின், சில அதிகாரிகள், வெளியிலிருந்து கொண்டுவந்த கருங்காலிகள், கூடவே போலீஸ். மின்நிலையத்தை ஓட்டித் தண்ணீர் இறைக்காவிட்டால் சுரங்கம் மூழ்கிவிடும் என்பது அவர்கள் வாதம். நிலத்தடியில் மாட்டிக்கொண்ட சுரங்கக் குதிரைகளுக்காக லண்டன் பத்திரிகைகள் உருகி உருகி எழுதின. வீட்டில் பட்டினி கிடந்த பிள்ளைகளுக்கு அந்த அளவு மை செலவாகவில்லை.

இரவு மின்நிலையத்தின் மேல் கல் விழுந்தது, போலீஸ் தடியடி நடத்தியது. மறுநாள் காவல்துறைத் தலைவர் லயனல் லிண்ட்சே ராணுவத்தைக் கேட்டார். உள்துறை அமைச்சர் வின்ஸ்டன் சர்ச்சில் முதலில் படைகளை வழியில் நிறுத்தி லண்டன் போலீஸை அனுப்பினார். அன்று மாலை மறுபடியும் மோதல். டோனிபாண்டி கடைத்தெருவில் கண்ணாடிகள் நொறுங்கின, கடைகள் சூறையாடப்பட்டன. வேல்ஸ் அணிக்காக ரக்பி ஆடிய வில்லி லெவலினின் மருந்துக்கடையை மட்டும் கூட்டம் தொடவில்லை. சாமுவேல் ரைஸ் என்ற தொழிலாளி தலையில் பட்ட அடியால் இறந்தார். ஐநூறுக்கு மேற்பட்ட பொதுமக்களும் சுமார் எண்பது போலீஸ்காரர்களும் காயமடைந்தார்கள். பிறகு ராணுவமும் வந்து பல மாதம் தங்கியது.

சர்ச்சில் உத்தரவில் ராணுவம் சுட்டதாகச் சொல்கிறார்களே?

டோனிபாண்டியில் ராணுவம் யாரையும் சுடவில்லை. 1911 ஆகஸ்டில் ரயில்வே வேலைநிறுத்தத்தின்போது லனெல்லியில் ராணுவம் சுட்டு இருவர் இறந்தார்கள்; இரண்டு சம்பவங்களும் மக்கள் நினைவில் ஒன்றாகக் கலந்துவிட்டன. ஆனால் 'சுடவில்லை' என்பதை வைத்துக்கொண்டு ஒன்றுமே நடக்கவில்லை என்பது போல எழுதுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. துப்பாக்கிமுனை காவல் இருந்ததால்தான் கம்பெனி மாதக்கணக்கில் அசையாமல் உட்கார முடிந்தது.

வேலைநிறுத்தம் எப்படி முடிந்தது?

தோல்வியில். 1911 ஆகஸ்டில் டன்னுக்கு 2 ஷில்லிங் 3 பென்ஸுக்கு இறங்கிவந்தார்கள். அது வேலைநிறுத்தத்துக்கு முன்பே தொழிற்சங்கத் தலைவர் வில்லியம் ஆபிரகாம் பேசிவைத்திருந்த தொகை. 'மாபன்' என்று அழைக்கப்பட்ட அவர் பழைய தலைமுறைச் சமரசவாதி. இளைஞர்கள் அவரை மீறி எழுந்த போராட்டம் இது.

ஆனால் இந்தத் தோல்வி பலன் இல்லாமல் போகவில்லை. மோசமான வெட்டுமுகத்துக்கும் நியாயக் கூலி என்ற கோரிக்கை பிரிட்டன் முழுவதற்கும் பரவியது. 1912-ல் ஏறத்தாழ பத்து லட்சம் நிலக்கரித் தொழிலாளர்கள் வேலையை நிறுத்த, நாடாளுமன்றம் சுரங்கக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதற்குள் டி.ஏ. நாடாளுமன்றத்தை விட்டு வெளியேறியிருந்தார்.

தொழிலாளர் தொகுதியில் முதலாளி எப்படி 22 ஆண்டு எம்.பி.யாக இருந்தார்?

1888 இடைத்தேர்தலில் மெர்தர் டிட்வில் தொகுதியில் போட்டியின்றித் தேர்வானார். அது இரண்டு உறுப்பினர்களை அனுப்பும் தொகுதி. 1900 தேர்தலில் டி.ஏ. 8,598 வாக்குகளுடன் முதலிடம். இரண்டாவதாக 5,745 வாக்குகளுடன் ஜெயித்தவர் தொழிலாளர் கட்சியின் முன்னோடி கியர் ஹார்டி. அடுத்த பத்து ஆண்டுகள் ஒரே தொகுதியை ஒரு சுரங்க முதலாளியும் ஒரு சோஷலிஸ்டும் சேர்ந்து பிரதிநிதித்துவம் செய்தார்கள்! இருவருக்கும் வாக்களித்த தொழிலாளர்கள் நிறையப் பேர். 1910-க்கு முன்பு டி.ஏ.வை மற்ற முதலாளிகளோடு சண்டை போடுகிற, கூலியைப் பற்றியும் பேசுகிற ஆளாகத்தான் ஊர் பார்த்தது. 1910 ஜனவரியில் கார்டிஃப் தொகுதிக்கு மாறி ஜெயித்தார். அந்த ஆண்டு டிசம்பரோடு தேர்தல் அரசியலை விட்டார்.

இவ்வளவு காலம் எம்.பி.யாக இருந்தும் ஏன் அமைச்சராகவில்லை?

யாருக்கும் அடங்காதவர் என்பதால். 1894-ல் வேல்ஸில் ஆங்கிலிகன் திருச்சபையின் அரசு அந்தஸ்தை நீக்கும் மசோதாவை லிபரல் அரசு இழுத்தடிக்கிறது என்று கோபப்பட்டு, கட்சிக் கொறடாவுக்குக் கட்டுப்பட மறுத்த நான்கு வேல்ஸ் எம்.பி.க்களில் இவர் ஒருவர். இன்னொருவர் 1916-ல் பிரதமரான லாயிட் ஜார்ஜ்.

அந்த நட்பு சீக்கிரமே முறிந்தது. வேல்ஸின் வடக்கையும் தெற்கையும் ஒரே தேசிய இயக்கமாக்க லாயிட் ஜார்ஜ் முயன்றார். தெற்கு வேல்ஸ் லிபரல் சம்மேளனம் டி.ஏ.வின் கோட்டை. தொழில் வளமும் மக்கள்தொகையும் தெற்கில் இருக்க, வடக்கத்திக்காரர்களுக்குச் சம பலம் எதற்கு என்பது அவர் எண்ணம். 1896 ஜனவரியில் நியூபோர்ட் கூட்டத்தில் லாயிட் ஜார்ஜைப் பேசவிடாமல் கூச்சல் போட்டு உட்கார வைத்தார்கள். வேல்ஸ் தன்னாட்சிக் கனவு அன்று அடிபட்டது, எழுந்திருக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. 1905–06-ல் லிபரல் அரசு அமைந்தபோது லாயிட் ஜார்ஜுக்குப் பதவி, டி.ஏ.வுக்கு ஒன்றும் இல்லை. அந்த ஏமாற்றம்தான் அவரை முழுமூச்சாகக் கம்பைன் பக்கம் திருப்பியது.

லூசிடானியா கப்பலில் இவர் இருந்தாரா?

ஆம். மகள் மார்கரெட்டும் செயலாளரும் கூட இருந்தார்கள். அமெரிக்காவில் தொழில் வேலையை முடித்துவிட்டுத் திரும்பிய பயணம். 1915 மே 1 அன்று நியூயார்க்கிலிருந்து கப்பல் கிளம்பிய நாளில், பிரிட்டிஷ் கப்பல்களில் போகிறவர்கள் தங்கள் பொறுப்பில் போகவும் என்று ஜெர்மன் தூதரகத்தின் எச்சரிக்கை பத்திரிகைகளில் வந்திருந்தது. மே 7 பிற்பகல் அயர்லாந்தின் தெற்குக் கரையோரம் நீர்மூழ்கியின் டார்பிடோ தாக்கி, 18 நிமிடத்தில் கப்பல் மூழ்கியது. ஏறத்தாழ 1,200 பேர் இறந்தார்கள்.

அப்பா ஒரு உயிர்காக்கும் படகில் ஏறித் தப்பினார். மகள் தண்ணீரில் விழுந்தார். ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு பல மணி நேரம் மிதந்தார். நினைவு தப்பிய நிலையில் மிதந்து வந்த ஒரு பிரம்பு நாற்காலி அவருடைய உடம்பைத் தாங்கிக்கொண்டது. புளூபெல் என்ற படகில் கிடத்தியவர்கள் முதலில் பிணம் என்றே நினைத்தார்கள். அப்பாவும் மகளும் குயின்ஸ்டவுன் துறைமுகத்தில் மறுபடி சந்தித்தார்கள். அடுத்த சில வாரங்களிலேயே, ஆயுத உற்பத்தியை ஒழுங்குபடுத்த அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் போய்வர முடியுமா என்று கேட்டார் லாயிட் ஜார்ஜ், அதே பழைய எதிரி. அதே கடல்வழியில் டி.ஏ. மறுபடி கப்பல் ஏறினார்.

உணவு அமைச்சராக அவர் என்ன செய்தார்?

1916 டிசம்பரில் உள்ளாட்சி வாரியத் தலைவராக அமைச்சரவைக்குள் வந்தார். மக்கள் நலத்துக்கென்று தனிச் சுகாதார அமைச்சகம் வேண்டும் என்று அங்கே வாதாடினார். 1917 ஜூனில் உணவுக் கட்டுப்பாட்டு அமைச்சர் பொறுப்பு. யாரும் விரும்பாத நாற்காலி அது. அதற்கு முந்தைய ஏப்ரல் மாதத்தில் மட்டும் ஜெர்மன் நீர்மூழ்கிகள் எட்டு லட்சம் டன்னுக்கு மேல் கப்பல்களை மூழ்கடித்திருந்தன. முன்பிருந்த டெவன்போர்ட் பிரபு, மக்கள் தாமாகவே குறைத்துச் சாப்பிட வேண்டும் என்று வேண்டுகோள் விட்டுப் பார்த்தார். வேண்டுகோளில் பசி அடங்குமா? தொழிலாளர் மத்தியில் ஏன் இவ்வளவு கொந்தளிப்பு என்று விசாரித்த அரசுக் குழுக்கள் எல்லாமே முதல் காரணமாகச் சொன்னது உணவு விலையைத்தான்.

டி.ஏ. செய்த முதல் காரியம் கணக்கெடுப்பு. கோதுமை வயலிலிருந்து ரொட்டிக்கடை வரை, மாடு தொழுவத்திலிருந்து கசாப்புக்கடை வரை, ஒவ்வொரு கையிலும் எவ்வளவு செலவு, எவ்வளவு லாபம் என்று கணக்காளர்களை வைத்து எடுத்தார். அதன்மேல் நியாயமான லாபத்தை மட்டும் வைத்து விலையை நிர்ணயித்தார். முதலாளியாக இருந்தவருக்கு முதலாளிகள் கணக்கை எங்கே ஒளிப்பார்கள் என்று தெரிந்திருந்தது.

1917 செப்டம்பரில் நான்கு பவுண்டு எடை ரொட்டியின் விலை ஒன்பது பென்ஸ் என்று அறிவித்தார். அதற்குமுன் அது ஒரு ஷில்லிங் வரை ஏறியிருந்தது. வித்தியாசத்தை அரசு மானியமாகக் கொடுத்தது. ரொட்டிக்கு ரேஷன் கிடையாது, ஏழையின் வயிற்றை நிரப்புவது அதுதான் என்பதால். ஈலி குழியில் ஒரு டன்னுக்குக் கிடைக்காத அதே ஒன்பது பென்ஸ் இங்கே ஒரு ரொட்டியின் விலையாக வந்து நிற்கிறது. டோனிபாண்டியின் ஏதோ ஒரு வீட்டில் யாராவது இதைக் கவனித்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

ரேஷன் எப்படி நடந்தது?

1918 தொடக்கத்தில் சர்க்கரை: ஆளுக்கு வாரம் அரை பவுண்டு, அதாவது சுமார் 225 கிராம். பிப்ரவரி 25 முதல் லண்டனிலும் சுற்று மாவட்டங்களிலும் இறைச்சி, வெண்ணெய், வெண்ணெய்க்குப் பதிலாகப் பயன்படும் மார்கரின். ஏப்ரலில் இறைச்சிப் பங்கீடு நாடு முழுவதும். ஜூலையில் ரேஷன் புத்தகங்கள். ஒவ்வொரு குடும்பமும் ஒரு கடையில் பதிந்துகொள்ள வேண்டும். அந்தக் கடைக்கு அத்தனை பேருக்கான சரக்கு மட்டும் போகும். பனியில் விடியற்காலையிலிருந்து மார்கரினுக்கு நின்ற வரிசைகள் சில வாரங்களில் காணாமல் போயின. சரக்கு இருக்கிறதா என்ற பயம்தான் வரிசையை நீளமாக்கியது. உன் பங்கு உனக்கு இருக்கிறது என்று உறுதி வந்ததும் பதுக்கலும் குறைந்தது.

இதையெல்லாம் லண்டனில் உட்கார்ந்தே செய்ய முடியாது என்பது அவருக்குத் தெரியும். ஊர்தோறும் உணவுக் குழுக்கள் அமைத்தார். ஒவ்வொரு குழுவிலும் குறைந்தது ஒரு தொழிலாளர் பிரதிநிதியும் ஒரு பெண்ணும் இருக்க வேண்டும் என்று விதித்தார். துணையாக இருந்தவர் தொழிலாளர் கட்சியின் ஜே. ஆர். கிளைன்ஸ், சிறுவயதில் பஞ்சாலையில் வேலை பார்த்தவர். அமைச்சகத்தில் இருந்த அதிகாரிகளில் ஒருவர் வில்லியம் பெவரிட்ஜ். பின்னாளில் 1942-ல் பிரிட்டனின் சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்கு அடிப்படை போட்ட அறிக்கை அவருடையது.

அப்படியானால் டோனிபாண்டிக்குப் பிறகு மனம் மாறிவிட்டாரா?

பலரும் இப்படித்தான் கதையைச் சொல்ல ஆசைப்படுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. 1896-ல் எழுதிய உற்பத்தித் திட்டத்தையும் 1918-ன் ரேஷன் முறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரே மூளை: போட்டியை நம்பாதே, மொத்தக் கையிருப்பை எண்ணு, பங்கிடு, விலையைக் கட்டு. கம்பைனும் அதே எண்ணத்தின் இன்னொரு வடிவம்தான். மாறியது யாருக்காகக் கணக்குப் போட்டார் என்பது. கம்பைனில் பங்குதாரர்களுக்கு லாபம் வர வேண்டும். கணக்கில் இறுக்கக்கூடிய இடம் கூலி. உணவு அமைச்சகத்தில் பதில் சொல்ல வேண்டியது வரிசையில் நின்ற பெண்களுக்கு. இறுக்கக்கூடிய இடம் வியாபாரியின் லாபம். அதே திறமை ஓர் ஊரை வதைத்தது, வேறொரு பொறுப்பில் ஒரு நாட்டுக்குச் சோறு போட்டது. பெனிகிரைகில் அடைபட்ட 950 பேருக்கு இது சமாதானம் ஆகாது, ஆகவும் வேண்டியதில்லை.

உழைப்பு அவர் உடம்பைத் தின்றது. 1918 வசந்தத்தில் நோயில் படுத்தபடி ராஜினாமா கொடுத்தார். லாயிட் ஜார்ஜ் ஏற்கவில்லை. ஜூனில் வைகவுண்ட் பட்டம், ஜூலை 3-ல் நியூபோர்ட் அருகே லான்வெர்ன் வீட்டில் மரணம். பொறுப்பு கிளைன்ஸ் கைக்குப் போயிற்று.

அவருடைய சுரங்கங்களில் விபத்துகள் நடந்தனவா?

1905 மார்ச் 10 அன்று கிளிடாக் வேலின் கேம்ப்ரியன் சுரங்கத்தில் வெடிவிபத்தில் 33 பேர் இறந்தார்கள். அதே சுரங்கத்தில் 1965 மே 17 அன்று மறுபடி வெடித்து 31 பேர் இறந்தபோது அது அரசுடைமையாகி வெகுகாலம் ஆகியிருந்தது. 439 தொழிலாளர்கள் மாண்ட 1913-ன் செங்கெனித் விபத்தை இவர் பெயரோடு சேர்த்துச் சொல்கிறவர்கள் உண்டு. அது வேறு கம்பெனி, இவருடையது அல்ல.

மனைவி, மகள் பற்றி?

1882-ல் சிபில் ஹேய்கை மணந்தார். பெண்களுக்கு வாக்குரிமை கேட்ட போராட்டத்தில் சிபிலும் சிறைக்குப் போனவர். ஒரே பிள்ளை மார்கரெட், 1883-ல் பிறந்தவர். அதே போராட்டத்தில் 1913-ல் நியூபோர்ட் ரிஸ்கா சாலையில் தபால்பெட்டிக்குத் தீ வைத்து, அபராதம் கட்ட மறுத்து, அஸ்க் சிறையில் உண்ணாவிரதம் இருந்து ஐந்து நாளில் விடுவிக்கப்பட்டார்.

அந்தக் காலத்து முதலாளிகள் தொழிலை மகனிடமோ மருமகனிடமோ கொடுப்பார்கள். டி.ஏ. மகளைத் தன் வலக்கையாக வைத்துத் தொழில் கற்றுக்கொடுத்தார். பட்டமும் மகளுக்கே போக வேண்டும் என்று தனியாகக் கேட்டு வாங்கினார். மார்கரெட் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகளில் இயக்குநராக இருந்தார், 1920-ல் 'டைம் அண்ட் டைட்' வார இதழைத் தொடங்கினார், 1926-ல் பிரிட்டனின் இயக்குநர்கள் கழகத்துக்கு முதல் பெண் தலைவரானார்.

பட்டம் கிடைத்தும் அவரால் பிரபுக்கள் சபையில் உட்கார முடியவில்லையாமே?

முடியவில்லை. பால் அடிப்படையில் பொதுப் பதவிகளை மறுக்கக்கூடாது என்ற 1919 சட்டத்தைக் காட்டி மனுக் கொடுத்தார். 1922 மார்ச்சில் சபையின் குழு ஏற்றுக்கொண்டது. அன்று சபைக்குத் தலைமை வகித்த லார்ட் சான்சலர் பர்க்கென்ஹெட் பிரபு விடவில்லை. குழுவைப் பெரிதாக்கி மறுபடி கூட்டி, மே மாதத்தில் நிராகரிக்க வைத்தார். மார்கரெட் தொடர்ந்து போராடினார். ஆயுட்காலப் பிரபுக்களாகப் பெண்களை அனுமதிக்கும் சட்டம் 1958 ஏப்ரலில் வந்தது. அவர் ஜூலை 20 அன்று இறந்தார். முதல் பெண் உறுப்பினர்களின் பெயர்கள் அதே மாதம் சில நாள் கழித்து அறிவிக்கப்பட்டன. பரம்பரைப் பட்டம் பெற்ற பெண்கள் உள்ளே வர 1963 ஆயிற்று.

இப்போது அங்கே போனால் எதைப் பார்க்கலாம்?

கிளிடாக் வேலில் கேம்ப்ரியன் சுரங்கம் 1960-களில் மூடப்பட்டது. அந்த இடத்தில் இப்போது ஏரியும் பூங்காவும். லுவினிபியாவில் 1910 நவம்பரில் கல்லெறி பட்ட மின்நிலையக் கட்டடம் பாழடைந்த நிலையில் நிற்கிறது. அதே ஊரில் கிளமோர்கன் கம்பெனியை நிறுவிய ஆர்ச்சிபால்ட் ஹூடுக்குச் சிலை உண்டு. லான்வெர்ன் மாளிகை இடிக்கப்பட்டுவிட்டது, டி.ஏ.வின் சாம்பல் அந்த ஊர்த் தேவாலய வளாகத்தில் இருக்கிறது. மகள் மார்கரெட்டுக்கு நியூபோர்ட் நகரில் 2024-ல் சிலை வைத்தார்கள். ஒரே நாளில் எல்லாம் பார்க்க முடியாது. நேரம் குறைவாக இருந்தால் லுவினிபியாவிலிருந்து டோனிபாண்டி கடைத்தெரு வரை நடந்து பாருங்கள், நவம்பர் 8 அன்று கூட்டம் இறங்கிய வழி அதுதான்.